பரிசோதித்த பெற்றோரின் கோல்டன் குட்டிக்கு யாரைத் தேடுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஷ்ரொப்ஷயரில் இருக்கிறீர்கள். உங்கள் வொர்க்கிங் (வேட்டை வேலைக்கான வரிசை) கோல்டன் ரெட்ரீவர் பெட்டை நாய்க்கு இது தலை ஈத்து, ஏழு குட்டிகள். ஆறு போய்விட்டன. ஏழாவதைப் பேசி வைத்திருந்தவர் கடைசி நேரத்தில் பின்வாங்கியதால், 12 வாரம் ஆன ஆண் குட்டி வீட்டிலேயே நிற்கிறது. தாய், தந்தை இருவருக்கும் எல்லாப் பரிசோதனைச் சான்றிதழ்களும் உண்டு. அதையெல்லாம் விளம்பரத்தில் போட்டும் சரியான ஆள் வரவில்லை, இனி எங்கே விளம்பரம் செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "வேட்டைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டுமா, சாதாரணக் குடும்பத்துக்குக் கொடுத்தால் தப்பா?" என்று ஒன்று சேர்த்திருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அதுதான் என்று தோன்றுகிறது. விளம்பரம் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடலாம். யாருக்கு என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

நான் கால்நடை மருத்துவர். இங்கிலாந்தில் நாய், பூனை பார்க்கும் மருத்துவமனையில் பல வருடமாக வேலை செய்கிறேன். வீட்டில் வொர்க்கிங் கோல்டன்கள் உண்டு. குளிர்காலத்தில் ஃபெசன்ட் பறவைகளைச் சுடும் நாட்களில் பிக்கிங் அப் போவேன். சுடுபவர்களுக்குப் பின்னால் தள்ளி நின்று, விழுந்த பறவைகளை நாயை அனுப்பி எடுத்துவரச் செய்யும் வேலை அது. மரபியல் நிபுணர் இல்லை, மூட்டு அறுவை சிகிச்சை நிபுணரும் இல்லை. உங்கள் குட்டியை நேரில் பார்த்ததும் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ் விதிகள் தனி.

முதலில் விளம்பரத்தில் நீங்கள் போட்டிருக்கும் 'ஹெல்த் டெஸ்டட் குட்டி' (உடல்நலம் பரிசோதித்த குட்டி) என்ற சொல். கண்டிப்பாகச் சொன்னால் குட்டியை யாரும் பரிசோதிக்கவில்லை, பெற்றோரைத்தான் பரிசோதித்திருக்கிறீர்கள். இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் கால்நடை மருத்துவச் சங்கத்தின் முறையில், நாய்க்கு ஒரு வயது நிறைந்த பிறகுதான் எடுக்க முடியும். ஒவ்வொரு பக்க இடுப்புக்கும் 0 முதல் 53 வரை மதிப்பெண். இரண்டையும் கூட்டினால் அதிகபட்சம் 106. எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. முழங்கை மூட்டுக்கு 0 முதல் 3 வரை தரம், இரண்டு முன்காலில் எது மோசமோ அதுவே அந்த நாயின் தரம். எனவே 'ஹெல்த் டெஸ்டட்' என்று மட்டும் எழுதாமல் எண்களையே எழுதுங்கள்: தாயின் இடுப்பு இவ்வளவு, தந்தையின் இடுப்பு இவ்வளவு, முழங்கை இருவருக்கும் 0, கண் கடைசியாகப் பார்த்த தேதி இது. எண்களைப் பார்த்ததும் விவரம் தெரிந்தவர் நின்று படிப்பார். தெரியாதவர் போன் செய்து என்ன அர்த்தம் என்று கேட்பார். அப்படிக் கேட்கிறவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள்.

இந்தப் பரிசோதனைகள் எல்லாம் ஒரே அளவு உறுதி தருவதில்லை. டி.என்.ஏ. பரிசோதனை மிக உறுதியானது. கோல்டன்களில் விழித்திரை மெல்ல மெல்ல அழிந்து பார்வை போகும் பி.ஆர்.ஏ. என்ற நோய் உண்டு. அதற்குக் காரணமான மரபணு மாற்றங்களில் மூன்றுக்குப் பரிசோதனை இருக்கிறது: பி.ஆர்.சி.டி., ஜி.ஆர். பி.ஆர்.ஏ. 1, ஜி.ஆர். பி.ஆர்.ஏ. 2. மூன்றுமே தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோயாகும் வகை. ஒருவர் கிளியர் (அந்த மாற்றமே இல்லாதவர்), மற்றவர் கேரியர் (ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் அதைப் பெற்றவர்) என்றால் குட்டிகளில் சராசரியாகப் பாதி கேரியராக இருக்கும். அந்த மாற்றத்தால் ஒன்றுக்கும் நோய் வராது. கேரியர் என்ற சொல்லைக் கேட்டதும் ஓடுகிறவர்களுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். இக்தியோசிஸ் எனும் தோல் உதிரும் கோளாறும் இதே வகைதான். பொடுகு மாதிரி செதில் செதிலாக வரும், பெரும்பாலும் பார்வைக்கு அசிங்கமே தவிர ஆபத்து இல்லை. கோல்டன்களில் அது மிகப் பரவலாக இருப்பதால், ஒரு கேரியருக்காக நல்ல நாயை ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கண் பரிசோதனை அப்படி இல்லை. நிபுணர் கண்ணைப் பார்த்து, இன்று ஒன்றும் தெரியவில்லை என்று எழுதித் தருகிறார். இன்றைக்கு மட்டும்தான் அது செல்லும். பிக்மென்டரி யூவியைட்டிஸ் என்று கோல்டன்களுக்கே உரிய ஒரு கண் நோய் பெரும்பாலும் நடு வயதுக்குப் பிறகுதான் தலைகாட்டும். மூன்று வயதுத் தாய்க்குக் கண் சுத்தமாக இருப்பது அந்த நோயைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்வதில்லை. தாத்தா பாட்டி நாய்களின் கண் சான்றிதழ், அதுவும் எட்டு ஒன்பது வயதில் எடுத்தது, கையில் இருந்தால் அதற்கு மதிப்பு அதிகம். தந்தை நாயின் உரிமையாளரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். புற்றுநோய்க்கு, ஈத்து எடுத்தவர் கையில் கொடுக்கும்படி ஒரு பரிசோதனையும் இன்று கிடையாது. கோல்டன்களை அதிகம் கொல்வது அதுதான். காரணத்தைத் தேடி அமெரிக்காவில் 2012-ல் தொடங்கிய ஆய்வில் 3,044 கோல்டன்களைச் சேர்த்து ஆயுள் முழுக்கப் பின்தொடர்கிறார்கள். வாங்க வருபவர் "புற்றுநோய் வராதுதானே?" என்று கேட்டால், தெரியாது என்பதே நேர்மையான பதில். உங்கள் வரிசையில் எந்த நாய் எந்த வயதில் எதனால் இறந்தது என்று மட்டும் சொல்லலாம்.

இடுப்பு மதிப்பெண் டி.என்.ஏ., கண் பரிசோதனை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பெற்றோரின் மூட்டு நன்றாக இருந்தால் குட்டியின் மூட்டும் நன்றாக இருக்க வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். மீதி, வளர்க்கிற வீட்டைப் பொறுத்தது. இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வின் முடிவு 2002-ல் வந்தது. குறைவாகச் சாப்பிட்டவற்றின் ஆயுள் இடைநிலை 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. இடுப்பு மூட்டுத் தேய்மானமும் ஒல்லியான நாய்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது. பிறகு 2012-ல் நார்வேயில் நான்கு பெரிய இனங்களில் செய்த ஆய்வு. பிறந்ததிலிருந்து மூன்று மாதம் வரை தினமும் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்புக் கோளாறு அதிகம். அதே வயதில் மிருதுவான, மேடுபள்ளமான தரையில் கட்டில்லாமல் திரிந்த குட்டிகளுக்குக் குறைவு. கோல்டன் அந்த நான்கில் இல்லை, ஆனாலும் அதை ஒதுக்கித் தள்ள எனக்குக் காரணம் தெரியவில்லை. கவனித்தீர்களா, அந்த மூன்று மாதம் உங்கள் குட்டிக்கு உங்கள் வீட்டிலேயே முடிந்துவிட்டது. படிக்கட்டில் தடுப்பு வைத்திருந்தீர்களா, தோட்டத்துப் புல்லில் விட்டீர்களா என்பதெல்லாம் விளம்பரத்தில் எழுதத் தகுந்த விஷயம். யாரும் எழுதுவதில்லை.

வளர்க்கிற வீட்டின் கையில் உணவு, நடமாட்டம் தவிர மூன்றாவதாக இருப்பது கருத்தடை. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் 2013-ல் 759 கோல்டன்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தது. ஒரு வயதுக்கு முன் விதை நீக்கிய ஆண்களில் இடுப்புக் கோளாறு, நீக்காத ஆண்களைப் போல இரண்டு மடங்கு. மருத்துவமனைக்கு வந்த நாய்களின் பதிவுகள் என்பதால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு மாதத்தில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக்கொண்டு வருகிற வீட்டோடு இதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

ஆக நீங்கள் பணமும் அலைச்சலும் போட்டு எடுத்த சான்றிதழ்கள் பாதி வேலையைத்தான் செய்யும். மீதியை அடுத்த ஒன்றரை வருடம் யார் தட்டில் உணவு அளக்கிறார்களோ அவர்கள் செய்வார்கள். தந்தை நாயைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு யோசித்தீர்களோ, வீட்டைத் தேர்ந்தெடுக்கவும் அவ்வளவு யோசிக்க வேண்டும்.

சரி, 'வொர்க்கிங்' என்ற சொல்லுக்கு வருவோம். விளம்பரங்களில் இதை ஒரு பட்டம் மாதிரி போடுகிறார்கள். இந்த இனமே வேலைக்காக உருவானதுதான். 1868-ல் ஸ்காட்லாந்து மலைநாட்டில் கிசாகன் எஸ்டேட்டில், பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு ஆன டட்லி மார்ஜரிபேங்க்ஸ், நூஸ் என்ற மஞ்சள் ரெட்ரீவருக்கும் பெல் என்ற ட்வீட் வாட்டர் ஸ்பானியலுக்கும் பெற்ற ஈத்திலிருந்து வந்தது. பின்னாளில் கண்காட்சிக்கு ஒரு வரிசை, வயலுக்கு ஒரு வரிசை என்று பிரிந்தது. வயல் வரிசை நாய்கள் பொதுவாக ஒல்லி, நிறம் அடர்ந்த பொன்னிலிருந்து செம்பு வரை, ரோமம் குறைவு, வேகம் அதிகம். வாங்க வருகிறவர் மனதில் இருப்பதோ வெண்ணெய் நிறத்தில் அடுப்பங்கரையில் படுத்திருக்கும் பெரிய தலை நாய். உங்கள் விளம்பரத்துக்கு நூறு போன் வந்து ஒன்றும் தேறாததற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கலாம். தாயின் படத்தைப் போடுங்கள்; குளித்துச் சீவிய படம் வேண்டாம், குளத்திலிருந்து ஏறி வரும் படம். வேண்டாதவர்கள் தாமாகவே விலகுவார்கள்.

வொர்க்கிங் நாயை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் ஓடவிட வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். நான் பார்த்த வரையில் அப்படி ஓடவிட்டால் நான்காவது மணி நேரம் கேட்கிற நாய்தான் கிடைக்கும். வளரும் மூட்டுக்கும் அது நல்லதில்லை. இவற்றுக்கு வேண்டியது மூளைக்கு வேலை, அதை ஒருவரோடு சேர்ந்து செய்வது. ஒளித்து வைத்த பந்தைத் தேடுவது, உட்கார்ந்து காத்திருப்பது, அனுப்பினால் போய் எடுத்து வந்து கையில் கொடுப்பது. தினமும் கொஞ்ச நேரம், ஆனால் தவறாமல். எட்டு வருடமானாலும் அதற்குச் சலிக்காத ஆள் வேண்டும். எந்தக் குட்டி அமைதியாக வளரும், எது துறுதுறுவென்று வளரும் என்று ஏழு வாரத்தில் சோதனை வைத்துக் கணிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சோதனைகளை நான் பெரிதாக நம்புவதில்லை. 12 வாரம் அதோடு வாழ்ந்த உங்கள் கண் அதைவிட மேல்.

எனவே உங்கள் கடைசி வரிக்குப் பதில்: குடும்பத்துக்குக் கொடுப்பது தப்பே இல்லை. வேட்டைக்காரர் என்பது மட்டும் தகுதியும் இல்லை. வரும் அக்டோபரில் ஃபெசன்ட் பருவம் தொடங்குவதற்குள் நாய் தயாராக வேண்டும் என்று அவசரப்படுபவர், இதுவரை லாப்ரடாரே வைத்திருந்து கோல்டனும் அதே வேகத்தில் பக்குவப்படும் என்று எதிர்பார்ப்பவர், இரண்டு பேருக்கும் நான் யோசித்துத்தான் கொடுப்பேன். கோல்டன் ஆண்கள் பக்குவப்படக் காலம் எடுக்கும். கடிந்துகொண்டால் சுருங்கிவிடும் சுபாவமும் பலவற்றுக்கு உண்டு. அதே சமயம் ஓய்வு பெற்ற ஆசிரியை, முன்பு ஒரு நாயோடு அஜிலிட்டி (தடை தாண்டும் ஓட்டம்) செய்தவர், வார இறுதியில் கன்டாக் (வேட்டை நாய்) வகுப்புக்குப் போகத் தயார் என்கிறார் என்றால், துப்பாக்கிச் சத்தமே கேட்காத வீடாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். மோப்பப் பயிற்சி, காணாமல் போனவரைத் தேடும் மேன்ட்ரெய்லிங், கீழ்ப்படிதலுக்கான ஒபீடியன்ஸ் எதுவானாலும் சரிதான்.

இரண்டு பேரும் முழுநேர வேலை, தவழும் குழந்தை, நாய் அனுபவம் இல்லை என்ற வீட்டுக்கு நான் கொடுக்க மாட்டேன். அவர்கள் கெட்டவர்கள் என்பதற்காக இல்லை. எதையாவது வாயில் கவ்விக்கொண்டே திரிவது இந்த வரிசையின் பிறவிக் குணம். செருப்பு, டயப்பர், பொம்மை எல்லாம் போகும். நேரமில்லாத வீட்டில் ஓடிப்போய்ப் பிடுங்குவார்கள். நாலு முறை பிடுங்கினால் குட்டி அதை மறைத்து வைக்கும், அப்புறம் உறுமும். ஒரு வயதில் 'கோல்டன், ஆனால் கடிக்கிறது' என்று என் மேஜைக்கு வரும் நாய்களில் பலவற்றின் கதை இதுதான். வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி வேறொன்றைக் கொடுக்கப் பொறுமையும் நேரமும் உள்ள வீட்டில் அதே குணம், பொருளை எடுத்து வந்து கையில் கொடுக்கும் அழகான ரெட்ரீவ் ஆகிறது.

எங்கே தேடுவது? முதல் போன் தந்தை நாயின் உரிமையாளருக்கு. நல்ல நாய் வைத்திருப்பவரிடம் குட்டி கேட்டுக் காத்திருப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். அடுத்து உங்கள் பகுதி கோல்டன் ரெட்ரீவர் கிளப்பில் குட்டிப் பட்டியல் பார்ப்பவர், உள்ளூர் கன்டாக் பயிற்சியாளர், பிக்கிங் அப் குழு. ஆறு குட்டி வாங்கியவர்களிடமும் சொல்லுங்கள். அவர்களுடைய நண்பர்கள் அந்தக் குட்டிகளைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். இணையத்தில் என்றால் நாய்களின் வம்சாவளியைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் குட்டிப் பட்டியல், குட்டி விளம்பரத் தளமான சாம்ப்டாக்ஸ். சோபாவும் சைக்கிளும் விற்கும் தளங்களை நான் தவிர்ப்பேன். விலையைக் குறைக்காதீர்கள். ஆறு பேர் கொடுத்த அதே விலை. 12 வாரத்துக் குட்டி மலிவாக நின்றால் 'இதில் ஏதோ கோளாறு' என்று நல்லவர்கள் நினைப்பார்கள், விற்று லாபம் பார்ப்பவர்கள் மட்டும் வருவார்கள். பேசி வைத்தவர் பின்வாங்கினார் என்று உள்ளதை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள்.

வயது ஒரு குறை இல்லை, நீங்கள் சும்மா இருந்தால் குறையாகும். குட்டிகள் உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம் ஏறக்குறைய இப்போதுதான் மூடத் தொடங்குகிறது. தடுப்பூசி முடிந்திருந்தால் தினமும் ஒரு புது இடத்துக்குக் கூட்டிப் போங்கள்: ரயில் நிலையம், பள்ளிக்கூட வாசல், சந்தை நாள் கூட்டம். தடுப்பூசி முடியவில்லை என்றால் கையில் தூக்கிக்கொண்டு. காரில் பழக்குங்கள். இரவில் தாயிடமிருந்து பிரித்துத் தனியே படுக்க வையுங்கள். தாயோடு ஒட்டியே நாலு மாதம் வளர்ந்த குட்டிக்குப் புது வீட்டில் முதல் வாரம் மிகக் கஷ்டம். வாங்குபவரிடம் "இரவு முழுக்கக் கூண்டில் தூங்குகிறது, காரில் வாந்தி எடுப்பதில்லை" என்று சொல்ல முடிந்தால் 8 வாரக் குட்டியைவிட இதுவே அவருக்கு லாபம்.

போனில் பேசும்போது கேள்விப் பட்டியலை வாசிக்காதீர்கள், எல்லோரும் சரியான பதிலைத்தான் சொல்வார்கள். "செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டில் எப்படிப் போகும், காலையிலிருந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நாய் எத்தனை மணி நேரம் தனியே இருக்கும் என்பது தானாக வெளியே வரும். முன்பு வைத்திருந்த நாய் எப்படி இறந்தது, கடைசியில் எடை எவ்வளவு என்று கேளுங்கள். நான் இதைத் தவறாமல் கேட்பேன். நேரில் வந்ததும் தாயைச் சேற்றோடு உள்ளே விடுங்கள், முகத்தைப் பாருங்கள். விலையை முதல் வாக்கியத்தில் கேட்பவரைப் பற்றி அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம், சிலருக்குக் கூச்சம் அப்படி. ஆனால் பார்க்காமலே பணம் அனுப்புகிறேன், வேறொருவர் வந்து எடுத்துக்கொள்வார் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2020 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் குட்டிகளை இடைத்தரகர் வாங்கி விற்பது சட்டப்படி தடை, 'லூசி சட்டம்' என்பார்கள். உங்களைப் போல ஒரே ஈத்து எடுத்தவருக்கு வழக்கமாக உரிமம் தேவைப்படாது. 12 மாதத்தில் மூன்று ஈத்து எடுத்து விற்றால், அல்லது தொழிலாக நடத்தினால் தேவை. குட்டியின் அடையாள மைக்ரோசிப் உங்கள் பெயரில்தான் முதலில் பதிவாகியிருக்க வேண்டும், பிறகுதான் மாற்றம். 16 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது.

ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவச் சங்கத்தின் அறக்கட்டளையும் விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ.வும் சேர்ந்து தயாரித்த குட்டி ஒப்பந்தம் இலவசமாகக் கிடைக்கிறது, அதையே அடிப்படையாக வைக்கலாம். எந்த வயதிலும், எந்தக் காரணத்துக்கும் நாயைத் திருப்பித் தர வேண்டுமென்றால் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்ற வரியை விடாதீர்கள். கென்னல் கிளப் பதிவில், இந்த நாயின் குட்டிகளைப் பதிய முடியாது என்று ஒரு கட்டுப்பாடு போடலாம். இடுப்பு, முழங்கை, கண் மூன்றும் நன்றாக வந்தால் அதை நீக்கித் தருகிறேன் என்று எழுதுங்கள். வாங்குபவர் குட்டியை எடுத்துப் போகும் முன்பே அந்தக் கட்டுப்பாட்டைப் படித்துக் கையெழுத்திட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் அது நிற்காது. ஒன்று மட்டும் வேண்டாம்: 'இப்போது பாதி விலை, பிறகு இணை சேர்க்க எனக்குத் தர வேண்டும்' மாதிரியான ஏற்பாடு. அப்படித் தொடங்கி நட்பே முறிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு செய்தும் 16 வாரம் வரை யாரும் சரியாக அமையவில்லை என்றால் தேடுவதை நிறுத்திவிட்டு, ஒரு வருடம் நீங்களே வளர்க்க முடியுமா என்று வீட்டில் பேசுங்கள். பாதிப் பயிற்சி முடிந்த இளம் கன்டாகுக்கு இங்கே தனிச் சந்தை இருக்கிறது. குட்டி காலத்துக் கடி, இரவு அழுகை எதுவும் வேண்டாம் என்று நினைக்கும் வயதானவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். அதற்குள் ஒரு வயது நிறைந்துவிடும், அதன் இடுப்பையே எக்ஸ்ரே எடுக்கலாம். அப்போது 'ஹெல்த் டெஸ்டட்' என்று போடுவது முழு உண்மையாகவும் இருக்கும். முடியாது என்றால், அதுவும் நியாயம்தான், உங்கள் பகுதிப் பயிற்சியாளரிடம் இன்றே சொல்லி வையுங்கள். தாய், தந்தை இருவரின் மதிப்பெண்களையும் இங்கே பதிலில் போட்டால், விளம்பரத்தில் எதை முன்னால் வைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.